பழகாத போன்

அவர் என்னிடம் முதலில் கேட்டது என் பெயரை அல்ல, என் போனை.

பெங்களூரின் ஓரத்தில், பொம்மசந்திராவில் ஒரு பேட்டரி கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். சிறிய நிறுவனங்களின் வலைத்தளங்களை எங்கள் சர்வரில் வைத்துப் பராமரிப்பது தொழில். எனக்கு அன்று முதல் நாள். நாற்பத்து நான்கு வயதில் ஒரு மனிதனுக்கு எதிலும் முதல் நாள் வரக்கூடாது. இஸ்திரி போட்ட சட்டை, பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள், கையில் டிபன் பாக்ஸ் என்று ஒன்றாம் வகுப்பில் சேர வந்தவனைப் போல வாசலில் நின்றேன். அழாததுதான் வித்தியாசம். அதற்கும் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது.

ஒரு பெண் வந்து மேலும் கீழும் பார்த்தார். முப்பதுக்கு மேல் ஒன்றிரண்டு வயது இருக்கலாம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடை. எந்த நிமிடமும் ஓடத் தயார் என்பதுபோல் காலில் ஷூ.

"புதுசா சார்?"

"ஆமாம்மா, இன்னிக்குத்தான்..."

"உங்களைக் கேக்கல. போனு."

"அது ரெண்டு வருஷமா வச்சிருக்கேன்."

"எங்க சைட் எதனாச்சும் இதுல தொறந்து பாத்துகீறீங்களா?"

"இல்லையே."

"குடுங்க."

கொடுத்தேன். எதையோ தட்டினார். திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மருத்துவமனையில் குழந்தையைத் திருப்பித் தருகிற மாதிரி இரண்டு கையாலும் போனைத் திருப்பித் தந்தார்.

"பூட்டு வந்துச்சு. அஷ்டே." கன்னடத்தில் 'அவ்வளவுதான்' என்பதை அவர் தமிழில் எல்லா வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளியாக வைத்திருந்தார். "டேங்க்ஸ் சார். உங்க பேர் இன்னா?"

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது கூப்பிட்டு, "என்னைக் கேட்டீங்களா சார்?" என்பார். அந்தத் தெரு அவருக்கு வைத்த பெயர் போதும். இளநீர்க்காரர் முதல் ஏடிஎம் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'போன் அக்கா'.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல, தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம். எனக்கே கொஞ்சம்தான் தெரியும்.

வலைத்தளம் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. 'இது போலி இல்லை, சொன்ன ஆளேதான்' என்று யாரோ கையெழுத்துப் போட்டுத் தருவது. அதை சர்வரில் சரியாக வைத்தால், பார்ப்பவர் போனில் முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வரும். தப்பாக வைத்தால் சிவப்பில் ஒரு முக்கோணம் வந்து, 'உங்கள் விவரங்களைத் திருட முயலலாம்' என்று பயமுறுத்தும். சிக்கல் என்னவென்றால், கொஞ்சம் தப்பாக வைத்தால் சிலருக்குப் பூட்டு வரும், சிலருக்கு முக்கோணம் வரும். எங்கள் சர்வரை முன்பே பார்த்த போன், விட்டுப்போன துண்டைத் தன் ஞாபகத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டு, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடும். உறவுக்காரர்கள் நம் சமையலைப் பாராட்டுவதுபோல.

ஆகவே போன் அக்காவுக்குத் தன் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை கிடையாது. என் கம்ப்யூட்டர் மேல் கிடையவே கிடையாது. சான்றிதழைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஷூ சத்தம் படியில் இறங்கும். தெருவில் யாரையாவது நிறுத்தி, "அண்ணா, ஒரு நிமிஷம், இதைத் தொறந்து இன்னா வருதுன்னு சொல்லுங்க" என்பார். முதலில் டீக்கடைக்காரர். பிறகு வாட்ச்மேன். பிறகு இளநீர்க்காரர். ஒவ்வொருவர் போனும் ஒரே ஒரு முறைதான் உதவும். அதோடு 'பழகிவிடும்'.

ஒருநாள் டீக்கடைக்காரர் தானாகவே போனை நீட்டினார். "அக்கா, இன்னிக்கு என்னுது பாக்கலியா?"

"உன்னுது பழகிடுச்சுண்ணா."

"அதுக்கு?"

"இனிமே நீ நல்லாகீதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்."

அந்த மனிதர் முகம் வாடியதை நான் பார்த்தேன். அன்று எனக்கு டீயில் சர்க்கரை விழவில்லை.

நான் சேர்ந்த சமயத்தில் தெருவே பழகிப்போயிருந்தது. பஸ் ஸ்டாப்பும் முக்கால்வாசி முடிந்திருந்தது. தெரியாதவர்களைத் தேடி அவர் மேலும் மேலும் தூரம் போய்க்கொண்டிருந்தார். என் முதல் நாளன்று வாசலில் அவர் கண்ணில் தெரிந்த மலர்ச்சி என்னைக் கண்டு வந்ததல்ல என்பது புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

போனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரியாணி நன்றாக இருக்கிறதா என்று அந்தக் கடையில் வழக்கமாகச் சாப்பிடுகிறவனைக் கேட்க மாட்டார். அன்றைக்குத்தான் முதல்முறை வந்து தனியாக உட்கார்ந்திருப்பவனிடம் போய்க் கேட்பார். அவன் பயந்துபோய் எழுந்துவிடுவான். அவரைப் பெண் பார்க்க ஒரு வரன் வந்தது. நல்ல இடம், நல்ல சம்பளம், இரு பக்கத்து உறவுகளும் பையனைத் தங்கம் என்றார்கள். இவர் நேராக அவன் வேலை செய்த ஒயிட்ஃபீல்டு அலுவலகத்துக்கே போய், கேட்டில் நின்ற காவலாளியிடம் பையனின் போட்டோவைக் காட்டியிருக்கிறார்.

"என்ன சொன்னாரு அந்தக் காவலாளி?"

"ஒண்ணும் சொல்லல சார். மூஞ்சியத் திருப்பிகினாரு. அஷ்டே."

வரன் முடிந்தது. இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. நான் பதினெட்டு வருடம் வேலை பார்த்த அச்சகத்தின் காவலாளி என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஆம், நான் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். அச்சகம் மூடப்பட்டபோது கையில் இருந்தது நிறையப் படிப்பும், ஒற்று மிகும் இடங்கள் பற்றிய திடமான கருத்துகளும். இரண்டையும் பெங்களூரில் யாரும் கேட்கவில்லை. ஆறு மாத டிரெய்னிங் என்று ஒரு பேஸ்மென்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, இந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். ஆறு மாதம் சோதனைக் காலம். முதலாளி கன்னடக்காரர். நியாயமானவர், ஆனால் சுருக்கமானவர்.

"நோடி சார், பாருங்க, கம்ப்ளெயின்ட் வரும். அது தப்பில்ல. ஒரே கம்ப்ளெயின்ட் ரெண்டாவது தடவை வரக்கூடாது. வந்தா நிரந்தரம் கிடையாது. ஆய்த்தா?"

ஆயிற்று என்று தலையாட்டினேன். மனைவியும் மகளும் அப்போதுதான் ஊரைவிட்டு வந்திருந்தார்கள். மகளுக்கு அல்சூர் பக்கம் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. வேலை போனால் மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். திரும்பிப் போவதற்கு அங்கே எதுவும் மிச்சமும் இல்லை.

வீடு கிடைத்ததே போன் அக்காவால்தான். பள்ளிக்குப் பக்கமாக வீடு தேடி ஏறாத படியில்லை. நாற்பத்து நான்கு வயதில் 'இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன்' என்று சொல்கிறவனை எந்த வீட்டுக்காரரும் இரண்டாம் முறை நிமிர்ந்து பார்ப்பதில்லை. விஷயம் போன் அக்கா காதுக்குப் போனது. இவர் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா ராணுவ மெஸ் ஒன்றில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க தெருவுல மாடி ஒண்ணு காலியாகீது. அந்த வூட்டம்மா யாரையும் நம்பாது. இஸ்திரிக் கடைக்காரர் ஒருத்தரைத்தான் நம்பும். அவருக்கு எங்கப்பாவைத் தெரியும். எங்கப்பாவுக்கு என்னைத் தெரியும். எனக்கு உங்களைத் தெரியும். வாங்க."

"என்னை உங்களுக்கு மூணு வாரமாத்தானேம்மா தெரியும்?"

"மூணு வாரமா டீ குடிச்ச கப்பைக் கழுவி வைக்கிறீங்க. போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரிக் கடை வாசலில் இந்த ஊர்வலம் நடந்தது. இவர் அப்பாவிடம் சொல்ல, அப்பா கடைக்காரரிடம் சொல்ல, கடைக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு நடந்துவந்து வீட்டம்மாவிடம் சொன்னார். பேசி முடிக்கும்வரை அந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. கடைக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை நீட்டினார்.

திரும்பி வரும்போது போன் அக்கா சொன்னார். "சர்ட்டிபிகேட்டும் இதான் சார். போனுக்கு நம்ம சைட்டைத் தெரியாது. பெரிய ஆளுங்க கொஞ்சம் பேரைத்தான் தெரியும். நடுவுல ஒருத்தர் நின்னு, அவங்களையும் தெரியும், இவங்களையும் தெரியும்னு சொல்லணும். நடு ஆள் வரலன்னா வூடு கிடைக்காது."

நான் முழுவதும் புரிந்ததுபோல் தலையாட்டினேன். வீடு பற்றிய பகுதி உண்மையிலேயே புரிந்தது.

ஐந்தாம் மாதம். அவர் கோலார் பக்கம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக நான்கு நாள் லீவில் போனார். போகும்போது ஒரே ஒரு வேலையை என்னிடம் விட்டார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலேயில் பெண்களுக்குத் தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. எங்கள் வாடிக்கையாளர். நாற்பது இடம். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும், நான்கே நாள். அவர்களுடைய சான்றிதழ் காலாவதி ஆகவிருந்தது. புதியது மெயிலில் வரும், வந்ததும் எடுத்து சர்வரில் வைக்க வேண்டும். அஷ்டே.

வந்தது. கோப்பைத் திறந்தேன். 'சான்றிதழ் தொடக்கம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன்கீழ் பூனை கீபோர்டின் மேல் நடந்ததுபோல் இருபது முப்பது வரி எழுத்துகள். பிறகு 'சான்றிதழ் முடிவு'. அத்தோடு நிற்கவில்லை. மறுபடியும் 'சான்றிதழ் தொடக்கம்'. மறுபடியும் பூனை. முதல் மூன்று எழுத்துகள்கூட அச்சு அசலாக அதே. மறுபடியும் 'சான்றிதழ் முடிவு'.

பதினெட்டு வருடம். ஒரே பத்தி இரண்டு முறை அச்சாகிவிட்டதை எத்தனை புத்தகங்களில் பிடித்திருப்பேன்! கை தானாகப் போனது. இரண்டாவது பத்தியை நீக்கினேன். நீக்கியதோடு இல்லை, சான்றிதழ் தரும் இவ்வளவு பெரிய கம்பெனியில் ஒரு புரூஃப் ரீடர் இல்லையே என்று அவர்களுக்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தேன்.

சர்வரில் வைத்தேன். என் கம்ப்யூட்டரில் பார்த்தேன், பூட்டு. என் போனில் பார்த்தேன், பூட்டு. ஷூ போட்டுக்கொண்டு கீழே இறங்கி யாரையாவது நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். வெயிலாக இருந்தது. தவிரவும், நடுவயது ஆண் ஒருவன் தெருவில் போகிறவர்களிடம் 'உங்கள் போனைக் கொடுங்கள்' என்று கேட்பது வேறு மாதிரி முடியும்.

விண்ணப்பம் தொடங்கிய முதல் நாள் பயிற்சி நிலையத்திலிருந்து புகார் வந்தது: 'விண்ணப்பம் எதுவும் வரவில்லை. போனில் ஏதோ ஆபத்து என்று வருவதாகச் சொல்கிறார்கள்.' நான் எழுதினேன்: 'தங்கள் தளம் எங்கள் தரப்பில் செவ்வனே இயங்குகிறது. அருள்கூர்ந்து தங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.' புகார் தீர்ந்தது என்று குறித்து மூடினேன். இரண்டாம் நாள் அதே புகார். முதலாளியின் விதி ஞாபகம் வந்தது. மறுபடி பார்த்தேன், பூட்டு. 'மீண்டும் பரிசோதித்தோம், பிழை ஏதும் காணப்படவில்லை' என்று எழுதி, அவர் கண்ணில் படுவதற்குள் மூடினேன். மூன்றாம் நாளும் அதே புகார். மூன்றாவது பதில்தான் நடையில் ஆகச் சிறந்தது.

நான்காம் நாள், அதாவது கடைசி நாள், காலை பத்து மணிக்கு போன் அக்கா கல்யாண லட்டு டப்பாவோடு வந்தார். ஒரு லட்டை என் கையில் திணித்துவிட்டு, அத்திபெலே சர்வரைத் திறந்தார். ஒரு வரி தட்டினார். புருவம் சுருங்கியது.

"சார், ரெண்டாவது எங்க?"

"எது ரெண்டாவது?"

"நடு ஆளு."

நான் லட்டை மேசையில் வைத்தேன். "அது... ரெண்டு தடவை வந்திருந்துதும்மா. ஒண்ணை எடுத்துட்டேன்."

அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். ஜடை குலுங்கியது. "ரிப்பீட்டுன்னு நெனச்சிட்டீங்களா? ஐயோ சார்! வூட்டம்மா முன்னால போய் நின்னுகினு இஸ்திரிக்காரரைத் திருப்பி அனுப்பிட்டீங்களே!" கண்ணைத் துடைத்துக்கொண்டே நான் வெட்டி எறிந்த பத்தியை மெயிலிலிருந்து எடுத்து அதன் இடத்தில் வைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு புகார்ப் பட்டியலைத் திறந்து என் மூன்று பதில்களையும் படித்தார்.

சிரிப்பு நின்றது.

"யார் போன்ல பாத்தீங்க?"

"என் போன்ல."

"அது பழகிடுச்சு."

"தெரியும்."

"அப்ப யாருமே பாக்கல." கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஹெல்மெட் எடுங்க சார். அத்திபெலே போலாம்."

"அதான் சரி பண்ணியாச்சே. எதுக்கும்மா அத்திபெலே?"

"சரியாச்சுன்னு யாரு சொன்னா? நாமதான சொல்லிகினுகீறோம்."

அப்போது மெட்ரோவுக்குத் தூண்கள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தன. லாரிகளுக்கு நடுவே அவர் ஸ்கூட்டரின் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரிகளுக்குப் பயந்து மட்டுமல்ல.

பயிற்சி நிலையத்தின் கேட்டில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். "ஆன்லைன்லதான்மா போடணும், இங்க பேப்பர் வாங்க மாட்டாங்க" என்று காவலாளி களைத்துப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் தரை துடைப்பவர்கள் போடும் நீலச் சட்டையோடு நின்ற ஒருவரிடம் போன் அக்கா போனார். தருமபுரி பக்கத்துப் பேச்சு.

"மூணு நாளாப் போட்டுப் போட்டுப் பாக்கறனுங்க. திருடறாங்கன்னு தமிழ்லயே வருதுங்க. எங்க வூட்டுக்காரரு 'பாத்தியா, டுபாக்கூர் சென்டரு'ன்னுட்டாரு. மெசினு கத்துக்கிட்டா இந்தத் தொடப்பத்தை வெச்சுரலாம்னு பாத்தனுங்க. லீவு சொல்லிட்டு நேர்லயே வந்துட்டனுங்க."

"இப்ப ஒரு தபா போட்டுப் பாருங்கக்கா."

அந்தப் பெண் தட்டினார். நாங்கள் இருவரும் அந்த விரிசல் விழுந்த சின்னத் திரைக்கு மேல் குனிந்தோம். வெள்ளையாக ஏதோ சுற்றியது. பிறகு பக்கம் திறந்தது. மேலே பூட்டு.

"வந்துருச்சுங்க!"

மற்றவர்களும் போனை எடுத்தார்கள். நான் பெருமூச்சு விட்டேன். போன் அக்கா விடவில்லை. "உங்கள மாதிரி வந்துட்டுத் திரும்பிப் போனவங்க இருக்காங்களா?"

"ஐய, நெறையப் பேருங்க. நேத்தும் வந்தாங்க, மொந்தாநேத்தும் வந்தாங்க. எங்க கம்பெனியிலயே பத்துப் பேரு. வேணாம்னு உட்டுட்டாங்க."

போன் அக்கா என் பக்கம் திரும்பினார். "உள்ள போலாம் சார். நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

நிலையத்தின் தலைவர் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை, மேசையில் ஒரு ஸ்பேனர். நான் சொன்னேன். கோப்பை வெட்டியது நான்தான் என்று சொன்னேன். மூன்று நாளும் வெளியே ஒரு போனில்கூடப் பார்க்காமல் 'சரியாக இருக்கிறது' என்று எழுதியதும் நான்தான் என்று சொன்னேன். அவர் இழுப்பறையைத் திறந்து மூன்று தாள்களை எடுத்தார். என் பதில்கள். அச்செடுத்து வைத்திருந்தார்.

"'செவ்வனே இயங்குகிறது.' நல்ல தமிழ் சார். ரொம்ப நாளாச்சு இந்த மாதிரிப் படிச்சு." தாள்களை மேசைமேல் தட்டி அடுக்கினார். "நாப்பது எடத்துக்கு இதுவரைக்கும் ஆறு பேரு. அந்த ஆறும் எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டது. இந்த பேட்ச் நடக்காதுன்னு நேத்து ராத்திரிதான் முடிவு பண்ணேன்."

போன் அக்காதான் பேசினார். "மூணு நாள் நீட்டுங்க சார். வந்துட்டுப் போனவங்களை இவர் கூப்டுவாரு. உங்க வாட்ச்மேன் நோட்டுல பேரும் நம்பரும் எழுதி வச்சுகீறாரு, கேட்லயே பாத்துட்டேன்."

அவர் மீசையைத் தடவினார். வெளியே பார்த்தார். கேட்டில் பெண்கள் ஒருவர் போனை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மூணு நாள்" என்றார்.

காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். அறுபத்தைந்து பெயர்கள். முதல் எண்ணைக் கூப்பிட்டேன்.

"வணக்கம்மா, நீங்க விண்ணப்பிக்க வந்தீங்கல்ல, இப்ப தளம் சரியாயிடுச்சு, தப்பு எங்களுது..."

"யாருங்க நீங்க?"

சொன்னேன்.

"ஓடிபி கேப்பீங்களா?"

"இல்லம்மா..."

"வைங்க போனை."

இரண்டாவது பெண் என்னைத் திருடன் என்றே சொன்னார். மூன்றாவது எண்ணில் கணவர் எடுத்தார். அவர் சொன்னதை அச்சிட முடியாது; நான் பிழை திருத்திக்கூடத் தர முடியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். என்னிடம் இருந்தது முழு உண்மை. அதை யாரும் வாங்கத் தயாராக இல்லை.

போன் அக்கா நீலச் சட்டைப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அந்தப் பெண் நோட்டைப் பார்த்தார், என் போனை வாங்கினார், எந்த முகவுரையும் இல்லாமல் தொடங்கினார்.

"ஏ, நாந்தான்டி. பேக்கிங் செக்சன்ல கூட்டறன்ல, அவதான். நெசந்தான்டி, என் போன்லயே தொறக்குது. பூட்டுக் கூட வருது. இன்னும் மூணு நாளு குடுத்திருக்காங்க. நீ ஒங்கூட வந்தவளுக்கும் சொல்லு."

அரை மணி நேரத்தில் நோட்டில் பத்துப் பெயருக்கு நேரே டிக் விழுந்தது. அந்தப் பத்துப் பேர் மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு என் எண்ணைக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அவர்களாகவே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நடு ஆள் என்றால் என்னவென்று எனக்கு முழுவதுமாகப் புரிந்தது அந்த ஸ்டூலில்தான்.

முதலாளிக்கும் சொல்ல வேண்டியிருந்தது. நானே கூப்பிட்டுச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்ககிட்ட குடுங்க" என்றார். போன் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"நோடம்மா, மொதல் வாரமே இவரை அனுப்பிடறேன்னு சொன்னேன். இருக்கட்டும் சார், நான் பாத்துக்கறேன்னு நீதான் சொன்ன."

"ஆமா சார். சொன்னேன்."

"இப்ப?"

"இப்பவும் சொல்றேன்."

"எத்தன தடவ சொல்லுவ?"

"இன்னொரு தபா. அஷ்டே."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அந்தப் பெருமூச்சில்தான் என் வேலை நிரந்தரமானது. கடிதம் பிறகு வந்தது. நாற்பது இடமும் மூன்றாம் நாள் மதியத்தோடு நிரம்பின. நீலச் சட்டைப் பெண்ணின் பெயர் பட்டியலில் ஏழாவது.

முதல் வாரமே என்னை அனுப்பப் பார்த்தார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் அவர் சொல்லின் மேல்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஏதோ என் தகுதியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு. திரும்பும் வழியில் கேட்டேன்.

"என்னைப் பத்தி என்னம்மா தெரியும் உங்களுக்கு, அப்பவே அப்படிச் சொல்ல?"

ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைக்காமல் சத்தமாகச் சொன்னார். "மொத நாளு போனைக் கேட்டேன். எதுக்குன்னு கேக்காம குடுத்தீங்க. அந்த மாதிரி ஆளு கம்மி சார்."

அது நல்ல குணம் இல்லை, பயம் என்று சொல்ல வாயெடுத்தேன். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. விட்டுவிட்டேன். அந்த விளக்கத்தை அவருக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு ஹைதராபாத்தில் பெரிய வேலை கிடைத்தது. கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள். டீக்கடைக்காரர் மேலே ஏறி வந்தார். என்ன கொடுப்பது என்று எனக்கு ஒரு வாரமாகக் குழப்பம். புத்தகம் கொடுக்கலாம் என்றால் அவர் பிழைச்செய்தி தவிர வேறெதையும் விரும்பிப் படித்து நான் பார்த்ததில்லை.

என் பழைய போன் அந்த வாரம்தான் உயிரை விட்டிருந்தது. புதிது வாங்கியிருந்தேன். பெட்டியைப் பிரிக்காமல், நான்கு நாள் போனே இல்லாமல் நடமாடி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அதை அப்படியே கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தேன்.

"எதுக்கு சார் இதெல்லாம்?"

"உங்களுக்கு இல்லம்மா, என்னுதுதான். ஆனா இன்னும் ஒண்ணுமே பாக்கல. நீங்க பாருங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் முதல் நாள் வாசலில் பார்த்திருக்கிறேன். கேக்கை மறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் சர்வரில் இருந்த தளங்களை ஒவ்வொன்றாக அதில் திறந்தார். ஒவ்வொரு பூட்டுக்கும் தலையாட்டினார். அத்திபெலேயைக் கடைசியாக வைத்துக்கொண்டார். அதிலும் பூட்டு வந்தது. இரண்டு கையாலும் போனைத் திருப்பித் தந்தார்.

"அஷ்டே சார். இதுவும் பழகிடுச்சு."

இப்போது மெட்ரோ தலைக்கு மேல் ஓடுகிறது. அந்த போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காலையில் சார்ஜ் போட்டால் மதியம் செத்துவிடுகிறது. மகள் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடச் சொல்கிறாள். நான் மாற்றவில்லை. ஆனால் சான்றிதழ் புதுப்பிக்கும் நாளில் அந்த போன் சொல்வதை நான் நம்புவதில்லை. ஷூ போட்டுக்கொண்டு பொம்மசந்திரா மெட்ரோ நிலையப் படிக்கட்டின் கீழே போய் நிற்கிறேன். நரைத்த தலையோடு ஒருவன் போகிற வருகிறவர்களிடம் போன் கேட்டால் பலரும் விலகித்தான் போகிறார்கள். யாராவது ஒருவர், எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிடுகிறார்.

அவரை ஒரு நிமிடம் நிறுத்திவைத்துப் பெயரைக் கேட்டுக்கொள்கிறேன்.